தனி அறை யாருக்கு?

காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனி அறையில் வைத்திருங்கள், போதிய ஓய்வு கொடுங்கள், போஷாக்குள்ள ஆகாரம் கொடுங்கள், பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். மாரி தொடங்கியதும் நாடெங்கும் ஒலிக்கும் அறிவுரை இது. சுவரொட்டியில் வருகிறது, வானொலியில் வருகிறது, கைத்தொலைபேசியில் வருகிறது, பெற்றார் கூட்டத்தில் நமது வாயிலிருந்தும் வருகிறது. அப்படியொரு கூட்டத்திலே நாம் இதனை அழகாகச் சொல்லி முடித்தபோது, சம்பூர்ப் பகுதியைச் சேர்ந்த தாய் ஒருத்தி எழுந்து நின்றாள். மூன்று பிள்ளைகளின் தாய். “எந்த அறை, சேர்?” என்று கேட்டாள். அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பியே கேட்டாள். நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்த மறுமொழியைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அவ்வறிவுரையின் விஞ்ஞானத்தோடு நமக்கு வழக்கில்லை. இன்புளுவென்சாக் காய்ச்சலை உண்டாக்கும் வைரசை மனிதரிடமிருந்து முதன்முதலாக 1933இல் இலண்டன் ஆய்வாளர் பிரித்தெடுத்துக் காட்டினர். அன்று தொட்டு இந்நோயின் போக்குப்பற்றி நாம் அறிந்தது மிகுதி. இருமலிலும் தும்மலிலும் பேச்சிலும் வெளிப்படும் துளிகளால் அது பரவுகிறது. காய்ச்சல் காண்பதற்கு ஒரு நாள் முன்னரே அது பிறரைத் தொற்றத் தொடங்கிவிடும். வளர்ந்தோரினும் பிள்ளைகளே கூடுதலான நாட்களுக்கு அதனைப் பரப்புகின்றனர். குவளையிலும் கதவுப்பிடியிலும் அது ஒரு நாள், சிலபோது அதற்கு மேலும், உயிர்ப்போடு கிடக்கும். இவ்வளவும் அறிந்த மருத்துவர் “பிரித்து வையுங்கள்” என்று சொல்வது முற்றிலும் சரி. நமது வழக்கு அந்த வாக்கியத்தின் எழுவாயோடுதான். “வைத்திருங்கள்” என்பது ஏவல். ஏவலில் எழுவாய் வெளிப்படையாக வருவதில்லை. தோன்றா எழுவாய் என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். அந்தத் தோன்றா எழுவாய் யார்? அவள் கையில் எதைக் கொடுத்துவிட்டு இந்த ஏவலை விடுக்கிறோம்?

சம்பூரில் “வீடு” என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 2006 ஏப்ரல் இறுதியில் குண்டுகள் வீழ்ந்தபோது மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அதே ஆண்டு செப்டெம்பரில் அரச படைகள் ஊரைக் கைப்பற்றின. 2007இல் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றால் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. குடியிருந்தோரின் நிலத்திலே கடற்படை முகாம் எழுந்தது. அனல் மின்னிலையத்துக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. கைத்தொழில் வலயத்துக்கென 818 ஏக்கர் எடுக்கப்பட்டது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் மணற்சேனையிலும் தகரத்துக்கும் தரப்பாளுக்கும் கீழே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தனர். 2015இல் அந்த 818 ஏக்கர் விடப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை வசமிருந்த நிலம் விடப்பட்டது. அனல் மின்னிலையத் திட்டமும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின் மக்கள் திரும்பியபோது அவர்களை வரவேற்றவை வீடுகள் அல்ல. அத்திவாரக் கற்களும் பற்றைக்காடுமே. அன்று தொடங்கிக் கடன்பட்டும் உதவி பெற்றும் அவர்கள் எழுப்பிக்கொண்டவற்றுள் ஓர் அறை, ஒரு விறாந்தை, புறத்தே ஒரு சமையற் கொட்டில் என்ற அளவில் நின்றுவிட்டவை பல. 2009இல் புதிய இன்புளுவென்சா உலகைச் சுற்றி வந்தபோது “கூட்டத்தைத் தவிருங்கள்” என்று உலகமெங்கும் அறிவித்தார்கள். அப்போது இம்மக்கள் முகாமில் இருந்தார்கள். முகாம் என்பதே கூட்டந்தானே! கூட்டத்தைத் தவிர்க்க அவர்கள் எங்கே போவது?

ஆகவே அந்தத் தாய் கேட்ட கேள்வியில் ஒரு சொல்லும் மிகையன்று. தனி அறை என்பது சிக்கலான மருத்துவக் கருவியன்று என்று நினைக்கிறோம். ஆனால் அவள் கைக்கு எட்டாத விலையுள்ள கருவி அதுதான்.

இனி அவளுடைய கணக்கைப் பார்ப்போம். இக்காய்ச்சல் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் வரை எரிக்கும். மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல், அது தணியும் தறுவாயில் நடுப்பிள்ளைக்கு, பின் கடைக்குட்டிக்கு. ஒரே பாயில் படுக்கும் மூவரையும் நோய் வரிசையாகவே காண்கிறது. இரண்டு கிழமை கழிந்துவிடும். இறுதியில் தாயே படுப்பாள். படுத்தால் அதனை நோய் என்று யாரும் எண்ணுவதில்லை, களைப்பு என்பார்கள். அந்த இரண்டு கிழமையும் அவள் வயலுக்குப் போகவில்லை, கூலி இல்லை. கணவன் கடலுக்குப் போகிறவனாயின் மாரிக்கடல் அவனையும் கரையில் இருத்திவிடுகிறது. ஆனால் நுண்கடன் தவணைக்கு மாரியும் கோடையும் ஒன்றே. கடன் கொடுத்தவர் கிழமைதோறும் வருவார். பிள்ளைக்கு என்ன சூடு என்று கேட்கமாட்டார். பிள்ளை பாடசாலைக்குப் போனால் அங்கே ஒரு வேளை உணவாவது கிடைக்கும். வீட்டில் நின்றால் அதுவும் அவள் அடுப்பின் தலையில். “பாடசாலைக்கு அனுப்பாதீர்கள், போஷாக்குள்ள ஆகாரம் கொடுங்கள்” என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தோமா? அவள் மூன்றாம் நாள் காலையில் பிள்ளைக்குப் பரசிற்றமோல் கொடுத்து, சூடு தணிந்த அந்தச் சில மணி நேரத்தை நம்பிப் பாடசாலைக்கு அனுப்புகிறாளென்றால் அது அறியாமையா? வேறு வழிகள் அடைபட்ட நிலையில் அவள் போட்ட கணக்கு அது.

ஆனால் அறியாமை என்றே நம்மவர் தீர்ப்புக் கூறுகின்றனர். கற்றோர் என்று தம்மை மதிக்கும் நம்மிடையே இத்தீர்ப்பு மிக எளிதாகப் பிறக்கிறது. “இவர்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் விளங்காது, மல்லியை அவித்துக் கொடுத்துவிட்டு இருப்பார்கள், நூல் கட்டுவார்கள்.” இதைச் சொல்பவர் தமது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு எழுதிவிட்டு வீட்டில் நிற்பவர், அந்த நாளுக்கும் சம்பளம் வாங்குபவர். நாமும் அவ்வாறு வாங்குபவர்களே. அறிவுரை கூறுபவருக்கு விடுப்பு உண்டு, அதைக் கேட்பவருக்கு இல்லை. இந்தப் பேதத்தை மறைத்துவிட்டு அறிவு, அறியாமை என்று பேசுவது நேர்மையாகாது.

மல்லிக் குடிநீரைப் பழிக்கவும் வேண்டாம். அதற்குப் புகழ்மாலை சூட்டவும் வேண்டாம். அது வைரசைக் கொல்லாது. ஆனால் காய்ச்சலில் வற்றும் பிள்ளையின் உடலுக்கு நீர் சேர்க்கும். கஞ்சியும் இளநீரும் அவ்வாறே. உண்மையில் தீங்கு செய்பவை வேறு. கொதிநீர்ச் சட்டிமேல் சிறு பிள்ளையைக் குனியவைத்து ஆவி பிடிக்கச் செய்வது தீக்காயத்தில் முடியலாம். பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுப்பது ஈரலையும் மூளையையும் தாக்கும் கொடிய நோய்க்கு வழி திறக்கலாம். டெங்கு உலாவும் இந்நாட்டிலே இபுபுரோபன் போன்ற மருந்துகள் குருதிப்பெருக்கை வருவிக்கலாம். வைரசுக்கு எதிராக நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து பயனற்றது. ஆயினும் மருந்துக்கடையில் அதனை வாங்கிக் கொடுத்தால்தான் வைத்தியம் பார்த்ததாக எண்ணம். இவ்வெண்ணத்தை ஏற்படுத்தியவர்கள் படிக்காத பாட்டிமாரா? அதனை விற்றவர்களும் எழுதிக் கொடுத்தவர்களும் படித்தவர்கள் அல்லரா?

தனி அறை இல்லாவிடினும் செய்யக்கூடியவை உள. அவற்றை யாரும் அத்தாயிடம் இருந்து மனங்கொண்டு சொல்லவில்லை. ஓர் அறை வீட்டிலும் ஒரு மூலையை நோயாளிக்கு ஒதுக்கலாம். கதவையும் யன்னலையும் திறந்து காற்றோட விடலாம். பாயில் ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் வருமாறு படுக்கவைக்கலாம். ஒரு குவளையை அப்பிள்ளைக்கென்றே வைக்கலாம். பராமரிப்பவர் ஒருவராகவே இருக்கலாம். சவர்க்காரம் இவ்வைரசின் கொழுப்புறையை உடைத்துவிடும். பரசிற்றமோலைப் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேற்படாது கொடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதனை நிறுத்தலாகாது. எல்லாவற்றினும் மேலாக, மூச்சை எண்ணத் தெரிய வேண்டும். ஒரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தை 50 தடவைக்கு மேல் வாங்கினால், நெஞ்சு உட்குழிந்தால், குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், வலிப்பு வந்தால், உதடு நீலம் பாரித்தால், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினால், இரவென்றும் மழையென்றும் பாராது ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலென்றாலே காத்திருத்தல் ஆகாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால், டெங்குவா என்றறிய இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். மூச்சை எண்ணுவதற்கு ஒரு கடிகாரமும் ஒருவர் வந்து சொல்லிக் கொடுக்கும் அரை மணி நேரமும் போதும். அந்த அரை மணி நேரத்தைத்தான் நாம் கொடுக்கவில்லை.

“காய்ச்சலிலும் அரசியலா?” என்று சில நண்பர் முகஞ்சுளிப்பர். காய்ச்சலில் அரசியலை நாம் புகுத்தவில்லை. அது முன்னரே அங்கு குடியிருக்கிறது. 1848இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போனபோது, பிரஷ்ய அரசு இருபத்தாறு வயது மருத்துவர் ருடோல்ப் விர்ஹோவை ஆராய அனுப்பியது. அவர் மருந்துச் சீட்டோடு திரும்பவில்லை. அம்மக்களுக்கு வேண்டியவை கல்வியும் சுதந்திரமும் முழு ஜனநாயகமுமே என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். 1918இன் இன்புளுவென்சா பம்பாய் நகருக்குள் நுழைந்தபோது எல்லோரும் அதே காற்றைத்தான் மூச்சில் வாங்கினர். ஆயினும் அங்கே ஐரோப்பியருள் இறந்தோர் ஆயிரத்துக்கு 8 பேர் அளவு. தாழ்த்தப்பட்ட சாதியினருள் இறந்தோர் ஆயிரத்துக்கு 61 பேர். வைரசுக்குச் சாதி தெரியாது, வர்க்கம் தெரியாது. எந்த வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள், யார் நோயோடு வேலைக்குப் போகிறார்கள், யாருக்கு மூன்று வேளை உணவு உண்டு என்பவற்றை நிர்ணயிக்கும் சமுதாயத்துக்கு அவை நன்கு தெரியும். 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து ரஜூலாக் கப்பல் ஆசியக் காய்ச்சலைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கியது. கப்பலைத் துறையில் மறிக்கலாம். துறைமுகத்துக்குப் பின்னால் நெருங்கிக் கிடக்கும் குடிசை வரிசையை எதைக் கொண்டு மறிப்பது?

நமது நாட்டிலேயே இதனினும் தெளிவான பாடம் உண்டு. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு நிவாரணத்துக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவோடுதான் சென்றனர். கொயினா மட்டும் போதாது என்பதை அங்கே கண்டனர். நோய்க்கு முன் பசி வந்திருந்தது. ஆகவே உணவையும் சுமந்து சென்றனர். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேரா மக்கள் வாயிலே “பருப்பு மாத்தயா” ஆனார். 1935 டிசம்பரில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் பலர் அந்தக் காய்ச்சற் குடிசைகளின் வாயிலில் நின்று அரசியல் கற்றவர்களே. பின்னாளில் அவர்கள் சென்ற பாதைபற்றி நமக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் நோயாளியின் வீட்டு வாயிலில் தொடங்கிய அரசியல் அது என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. நமது அரசியலோ இன்று பெரும்பாலும் மேடையிலே தொடங்கி மேடையிலே முடிகிறது.

நம்மைப்பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஆசிரிய நண்பர்களே, இக்காய்ச்சல் ஊரெங்கும் பரவுவதற்கு நமது வகுப்பறையைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. ஒரு வாங்கில் மூவரும் நால்வரும் நெருங்கி இருக்கின்றனர். பரிசளிப்பு விழாவில் “ஒரு நாளும் தவறாத வரவு” என்று பரிசு கொடுக்கிறோம். அந்தப் பரிசைப் பெறும் பிள்ளை ஓராண்டில் ஒருமுறைகூட நோயுறவில்லையா, நோயோடு வந்து பக்கத்துப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டுப் பரிசும் பெறுகிறதா என்று நாம் கேட்பதில்லை. க.பொ.த. உயர்தரத்துக்கு 80 வீத வரவு என்ற விதியைச் சிறு வகுப்புப் பிள்ளையிடம்கூடப் பூச்சாண்டியாகக் காட்டுகிறோம். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் எரியும் உடம்போடு வந்த பிள்ளையைக் கண்டு “இதுதான் அக்கறை” என்று பாராட்டுகிறோம். நாம் ஒருமுறை அவ்வாறே பாராட்டினோம். நண்பகலுக்குள் அப்பிள்ளை மேசையில் தலை சாய்த்தது. அடுத்த கிழமை அவ்வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. அந்தப் பாராட்டை இன்று நினைத்தாலும் நாணுகிறோம். 2018 மே மாதத்தில் தென் மாகாணத்திலே சுவாசத்தைத் தாக்கும் வைரசுக் காய்ச்சலால் குழந்தைகள் இறந்தபின் அங்கே சிறு வகுப்புகளை மூடினார்கள். இறப்புக்கு முன் ஒரு வாங்கைக் காலியாக விடுவதற்கு நமக்கு எவருடைய சுற்றுநிருபம் வேண்டும்?

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? பட்டியல் நீண்டதன்று. நாட்கூலிக்கு உழைக்கும் தாய்க்கோ தந்தைக்கோ, பிள்ளை நோயுற்ற நாட்களுக்கு ஊதியம் பொதுப்பணத்திலிருந்து வரவேண்டும். நமக்கு அது உரிமையென்றால் அவளுக்கு அது சலுகையாக முடியாது. நோய் கண்ட வீட்டில் கடன் தவணை நிற்கவேண்டும். பாடசாலையில் பிள்ளைக்குரிய உணவின் பெறுமதி, அது நோயால் வராத நாட்களில் உலர் உணவாக வீட்டுக்குப் போகவேண்டும். இந்நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இன்புளுவென்சா ஊசி இல்லை. பணமுள்ளோர் தனியார் மருத்துவமனையில் வாங்கிக்கொள்கின்றனர். சிறு குழந்தைகளுக்கும் ஆஸ்த்துமா போன்ற நோயுள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமாவது அது இலவசமாதல் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாகச் சென்று மூச்செண்ணக் கற்பிக்க ஆளும் நேரமும் போக்குவரத்தும் வேண்டும். இரவில் மூச்சுத் திணறும் பிள்ளையைக் குடாவின் மறுகரையிலுள்ள திருகோணமலைக்குக் கொண்டு செல்ல, 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததால் பாதை உண்டு. அந்தப் பாதையில் ஓட நேரத்துக்கு ஒரு வாகனம் வேண்டும். மீளக்குடியேறியோரின் வீட்டுத் திட்டம் எதுவாயினும் அதில் இரண்டாவது அறை ஆடம்பரமாகக் கருதப்படலாகாது.

“பணத்துக்கு எங்கே போவது?” என்பது வழக்கமான மறுப்பு. சம்பூர் மண்ணில் நிலக்கரிக்கென நிலம் கிடைத்தது. முகாமுக்கென நிலம் கிடைத்தது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாற் சூரிய மின்னிலையத் திட்டம் இரு நாட்டுத் தலைவர்களால் தொடக்கிவைக்கப்பட்டது. சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் நாடு முழுவதற்கும் வெளிச்சம் கொடுக்கும் ஊரில், காய்ச்சற் பிள்ளைக்கு நாலு சுவர் கட்டிக் கொடுக்கப் பணமில்லை என்றால், அது பணமின்மையன்று. முறைவைப்பில் உள்ள பிழை. எது முதலில், எது பின்னர் என்று தீர்மானிப்பவர் எவர் என்பதே கேள்வி.

இவை கிட்டும்வரை கைகட்டி இருப்பதா என்றால், இல்லை. காய்ச்சலோடு வரும் பிள்ளையைக் கண்டியாமல் வீட்டுக்கு அனுப்பவும், மருந்தின்றியே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுவதும் கழிந்த பின் மீண்டும் ஏற்கவும், தவறிய பாடத்தை அடுத்த வீட்டு மாணவன் கையில் எழுதியனுப்பவும், வரவுப் பரிசை நிறுத்தவும் நமக்கு எந்த மந்திரியின் கையொப்பமும் வேண்டியதில்லை. மாணவ நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் நோய் கண்ட வீடுகளுக்கு அரிசியும் சவர்க்காரமும் சேர்த்துக் கொடுக்கலாம். கடிகாரத்தை வைத்து மூச்செண்ணிக் காட்டலாம். அன்று சூரியமல் இளைஞர் சென்ற வழி அதுவே. இது தர்மமன்று. அந்த வீட்டு வாயிலில் நின்றவனே பின்னர் அரசிடம் அந்த வீட்டுக்காகப் பேசும் தகுதி பெறுகிறான்.

“எந்த அறை, சேர்?” அத்தாய் கேட்ட கேள்விக்கு நம்மிடம் இப்போது ஒரு மறுமொழி உண்டு. இன்னும் கட்டப்படாத அறை, அம்மா. அதைக் கட்டவேண்டியவள் நீ ஒருத்தி மட்டுமல்ல. அந்த ஏவலின் தோன்றா எழுவாய் இந்நாட்டின் அரசு. அந்த எழுவாயைத் தோன்றச் செய்யாது இத்தனை காலம் உன்னை மட்டும் சுட்டிக்கொண்டிருந்த நாங்களும் அதில் அடக்கம். அடுத்த பெற்றார் கூட்டத்திலே அறிவுரையை நாம் உன்னிடம் சொல்லப்போவதில்லை; உன் கேள்வியை உன்னோடு சேர்ந்து உரியவரிடம் கேட்கப்போகிறோம்.